சம்பா கோயில் பெயருக்குள் ஒரு பரிசேயர்: ‘வெளிவேடக்காரர்’ என்று பெயர் வாங்கிய இவர்கள் உண்மையில் யார்?

புதுச்சேரி மிஷன் வீதியில் இருக்கும் ஜென்மராக்கினி மாதா பேராலயத்தை உள்ளூர்க்காரர்கள் அந்தப் பெயரில் கூப்பிடுவது குறைவு. ஆட்டோக்காரரிடம் ‘சம்பா கோயில்’ என்றால் போதும், நேராகக் கொண்டுபோய் இறக்கிவிடுவார். இந்த ‘சம்பா’வுக்கும் நெல்லுக்கும் சம்பந்தம் கிடையாது. சேசு சபைப் பாதிரியார்கள் இங்கே கட்டிய கோயில் புனித பவுல் பெயரோடு அறியப்பட்டது. அந்த ‘சான் பாவ்லு’தான் தமிழ் வாயில் புகுந்து ‘சம்பா’ ஆனது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். ஆனந்தரங்கப் பிள்ளையின் 18ஆம் நூற்றாண்டு நாட்குறிப்பிலும் அந்தப் பாதிரியார்கள் சம்பா கோயில் பாதிரிகளாகத்தான் வருகிறார்கள். பழைய கோயிலை 1761-ல் ஆங்கிலேயர்கள் இடித்துவிட்டார்கள். இப்போது நாம் பார்ப்பது 1791-ல் அர்ச்சிக்கப்பட்ட கட்டடம். கோயில் மாறியும் பேச்சுவழக்கில் பெயர் மட்டும் மாறவில்லை.

விஷயம் என்னவென்றால், இந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான பவுல் ஒரு பரிசேயர். இதை அவர் மீது யாரோ சுமத்திய பட்டமாக நினைக்க வேண்டாம். தன் கடிதத்தில் அவரே தன்னை அப்படித்தான் அறிமுகம் செய்துகொள்கிறார்.

கோயிலுக்குப் போகும் யாருக்கும் இது கொஞ்சம் உறுத்தும். ஏனென்றால் தவக்காலம் வந்துவிட்டால் வாசகத்திலும் பிரசங்கத்திலும் பரிசேயர்கள் வாங்கும் திட்டு கொஞ்சநஞ்சமல்ல. பழைய தமிழ் வேதாகமத்தில் ‘மாயக்காரர்’, இப்போதைய திருவிவிலியத்தில் ‘வெளிவேடக்காரர்’. கிறிஸ்தவக் குடும்பங்களில் பக்தியாகப் பேசிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரை ஏமாற்றுகிற ஆளை ‘சரியான பரிசேயன்’ என்று சொல்வதும் உண்டு. பிரெஞ்சு, ஆங்கில அகராதிகளிலும் அந்தச் சொல்லுக்கு இதே கெட்ட பெயர்தான். ஆனால் வரலாற்றில் இருந்த பரிசேயர் வேறு ஆள்.

அரிக்கமேட்டில் கப்பல் நின்ற காலம்

காலத்தை மனதில் வைத்துக்கொள்ள எளிய வழி, அரிக்கமேடு. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகளும் இத்தாலியப் பாணிச் சிவப்பு மட்பாண்டங்களும் கிடைத்தன. ரோமானியப் பொருள்கள் இந்தக் கரையில் இறங்கிக்கொண்டிருந்த அதே தலைமுறைகளில்தான், அந்தப் பேரரசின் கிழக்கு ஓரத்தில் இருந்த யூதேயாவில் பரிசேயர்கள் தெருவில் நடமாடினார்கள்.

அவர்கள் தலைகாட்டத் தொடங்கியது அதற்கும் முன்னால், கி.மு. 2ஆம் நூற்றாண்டில். எபிரேயத்தில் ‘பெருஷிம்’. ‘பிரிந்து நிற்பவர்கள்’ என்று பொருள் சொல்வார்கள். எதிலிருந்து பிரிந்தார்கள், தீட்டிலிருந்தா, ஆட்சியாளர்களிடமிருந்தா என்பதில் இன்றும் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

அந்தக் கால யூதர்களைப் பற்றி நமக்கு அதிகம் சொன்னவர் ஜோசிபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர். அவர் மூன்று பிரிவுகளைப் பெரிதாகச் சொல்கிறார். சதுசேயர், எருசலேம் கோயில் குருக்களோடும் பணக்காரர்களோடும் ஒட்டியவர்கள். எசேனியர், கட்டுப்பாடான கூட்டு வாழ்க்கை வாழ்ந்தவர்கள். 1947-க்குப் பிறகு கும்ரான் குகைகளில் கிடைத்த சாக்கடல் சுருள்கள் இவர்களுடையவை என்பது பலரின் கருத்து. மூன்றாவது, சாதாரண ஜனங்களிடம் செல்வாக்கு வைத்திருந்த பரிசேயர்.

எண்ணிக்கையில் இவர்கள் பெரிய கூட்டமே இல்லை. ஏரோது மன்னன் காலத்தில் அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்த பரிசேயர்கள் 6,000-க்கு மேல் என்கிறார் ஜோசிபஸ். ஒரு நாட்டை வைத்துப் பார்த்தால் அது சொற்பம். ஆனாலும் ஜனங்கள் இவர்கள் பக்கம் இருந்ததால் அரசர்கள் இவர்களைப் பார்த்துப் பயந்தார்கள்.

அலெக்சாண்டர் யன்னேயு என்ற அரசன் தன்னை எதிர்த்த 800 யூதர்களைச் சிலுவையில் அறைந்தான். அவர்களில் பரிசேயர்களும் இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. அதே அரசன் சாகும் நேரத்தில், ‘பரிசேயர்களோடு சமாதானமாகப் போ’ என்ற மாதிரி மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனதாக ஜோசிபஸ் எழுதுகிறார். அந்த அம்மா, சலோமி அலெக்சாந்திரா, கி.மு. 76 முதல் 67 வரை ஆண்டார். பரிசேயர்களுக்கு அரசியல் அதிகாரம் கையில் வந்தது அந்த ஒன்பது வருடங்களில்தான். அதற்குப் பிறகு அப்படி ஒரு வாய்ப்பு அவர்களுக்கு அமையவில்லை.

மடி, தீட்டு, சாப்பாட்டு மேசை

பரிசேயர் என்ன கேட்டார்கள் என்பது தமிழ் வாசகருக்குப் புரிவது சுலபம். நம் பாட்டி காலத்து வீட்டை நினைத்துக்கொண்டால் போதும். மண்சட்டி தீட்டுப்பட்டால் தூக்கிப் போட வேண்டும், பித்தளையைத் துலக்கி எடுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே உண்டு இல்லையா? ஏறக்குறைய இதே கணக்கு மோசேயின் சட்டத்திலும் இருக்கிறது. தீட்டான மண்பாண்டத்தை உடைத்துவிட வேண்டும். கல் பாத்திரத்துக்குத் தீட்டே ஒட்டாது என்பது பின்னால் வந்த யூத மரபு. எருசலேமிலும் கலிலேயாவிலும் அந்தக் காலத்து வீடுகளைத் தோண்டினால் கல்லில் குடைந்த குவளைகளும் ஜாடிகளும் நிறையக் கிடைக்கின்றன. கானா ஊர்க் கல்யாணத்தில் தண்ணீர் திராட்சை ரசமானதாகச் சொல்லப்படும் கதையிலும் இருப்பது கல்ஜாடிகள்தான்.

கோயிலில் பலி செலுத்தும் குருக்களுக்குத்தான் சட்டம் கடுமையான தூய்மையைக் கேட்டது. பரிசேயர்கள் அந்தத் தூய்மையைச் சாதாரண வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் விளக்கம். குருவாகப் பிறக்காத ஒரு தச்சரும் தன் வீட்டில் உட்கார்ந்து கடவுள் முன்னால் சாப்பிடுவது மாதிரி சாப்பிடலாம். சாப்பாட்டுக்கு முன் கை கழுவும் சடங்கு அங்கேதான் வருகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் ஆசாரப் பிடிவாதம். உள்ளே இருப்பவருக்கோ, குருக்கள் கையில் மட்டும் இருந்த புனிதம் எல்லார் வீட்டுக்கும் வருகிறது. ஆனால் இதே விதி, கடைப்பிடிக்க முடியாத ஏழையைத் தள்ளி நிறுத்தவும் செய்யும். நம் ஊரில் மடியும் தீட்டும் யாரை எங்கே நிறுத்தின என்று தெரிந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம், ‘முன்னோர் மரபு’. எழுதப்பட்ட சட்டத்தோடு, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த மரபுக்கும் மதிப்பு உண்டு என்றார்கள் பரிசேயர்கள். சதுசேயர்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. எழுத்தில் இருப்பது மட்டும்தான் சட்டம் என்றார்கள். கேட்கும்போது சதுசேயர்தான் நேர்மையானவர்கள் மாதிரி தோன்றும். நடைமுறையில் என்ன ஆனது என்று பார்க்க ஒரு கடன் கணக்கைப் பார்க்கலாம்.

ஏழாவது வருடம் வந்தால் கடன் எல்லாம் தள்ளுபடி என்பது மோசேயின் சட்டம். ஏழைக்கு நல்லதுதானே? ஆனால் ஆறாவது வருடம் நெருங்கியதும் யாரும் ஏழைக்குக் கடன் கொடுக்கவே மறுத்தார்கள். விதை நெல்லுக்கும் வழியில்லாமல் போகும் நிலைமை. அப்போது ஹில்லேல் என்ற ஆசான், கடன் பத்திரத்தை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டால் அது தள்ளுபடி ஆகாது என்று ஒரு வழி செய்தார் என யூத மரபு சொல்கிறது. ‘புரோஸ்பூல்’ என்று அதற்குப் பெயர். சட்டத்தை வளைத்துவிட்டார் என்றும் திட்டலாம், ஏழைக்குக் கடன் கிடைக்க வைத்தார் என்றும் பாராட்டலாம். பரிசேயர் மரபு எப்படி வேலை செய்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இறந்தவர்கள் உயிர்த்தெழுவார்கள், வானதூதர்கள் உண்டு என்பவையும் பரிசேயர்களின் நம்பிக்கை. சதுசேயர்கள் உயிர்த்தெழுதலை மறுத்தார்கள். ஈஸ்டர் கொண்டாடும் யாரும் இந்த இடத்தில் எந்தக் கட்சி என்று சொல்லவே வேண்டாம்.

இயேசுவுக்கும் இவர்களுக்கும் என்ன தகராறு?

தகராறு இருந்தது, அதில் சந்தேகமில்லை. கை கழுவாமல் சாப்பிடுவது, ஓய்வுநாளில் நோயாளியைக் குணமாக்குவது, வரி வசூலிப்பவர்களோடு உட்கார்ந்து விருந்து சாப்பிடுவது என்று நற்செய்தி நூல்களில் வாக்குவாதம் அடிக்கடி வருகிறது. மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரம் முழுக்கவே மறைநூல் அறிஞர்களையும் பரிசேயர்களையும் வெளுத்து வாங்குகிற பகுதி. சுண்ணாம்பு அடித்த கல்லறை என்ற உவமை அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் அதே நூல்களில் பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடங்களும் இருக்கின்றன. லூக்கா நற்செய்தியில் பரிசேயர்கள் இயேசுவை மூன்று முறை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். தீட்டுக்கு அவ்வளவு பயப்படுகிறவர்கள் தங்கள் மேசையில் ஒருவரை உட்கார வைக்கிறார்கள் என்றால், அவரை வேற்றாளாக நினைக்கவில்லை என்றுதானே அர்த்தம்? ஏரோது கொல்லப் பார்க்கிறான், இங்கிருந்து போய்விடுங்கள் என்று இயேசுவிடம் வந்து எச்சரித்ததும் பரிசேயர்கள் சிலர்தான். ராத்திரியில் தேடி வந்து பேசிய நிக்கொதேமு ஒரு பரிசேயர். சிலுவையிலிருந்து இறக்கிய உடலை அடக்கம் செய்ய வாசனைப் பொருள்களோடு வந்தவரும் அவரே.

விவாகரத்து பற்றி இயேசுவிடம் கேட்ட கேள்வியையும் இப்படிப் பார்க்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் மனைவியைத் தள்ளிவிடலாமா என்பது பரிசேயர்களே தங்களுக்குள் மோதிக்கொண்டிருந்த விஷயம். ஹில்லேல் பள்ளி தாராளமாக அனுமதித்தது, ஷம்மாய் பள்ளி கண்டிப்பாக இருந்தது. இயேசுவின் பதில் ஷம்மாய் பக்கம் சாய்ந்து, அதையும் தாண்டிப் போகிறது. ஓய்வுநாள் சண்டையும் அப்படித்தான். உயிர் போகிற ஆபத்து என்றால் ஓய்வுநாள் சட்டம் நிற்காது என்பது பின்னால் யூத மரபிலேயே உறுதியான விதியானது. இவை அந்நியர்கள் போட்ட சண்டைகள் இல்லை. பங்காளிச் சண்டைக்குத்தான் சூடு அதிகம்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று. இயேசு கைதாகி, விசாரணைக்குப் போய், சிலுவையில் அறையப்படும் கட்டத்தில் பரிசேயர்களைத் தேடினால் அநேகமாகக் காணோம். மாற்கு, லூக்கா இரண்டிலும் அந்தக் கட்டத்தில் அவர்கள் பெயரே வருவதில்லை. முன்னால் நிற்பது தலைமைக் குருக்கள், தண்டனை கொடுத்தது ரோமானிய ஆளுநர் பிலாத்து.

பிறகு ஏன் எழுத்தில் இவ்வளவு கோபம்? பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்லும் பதில், தேதியில் இருக்கிறது. மத்தேயு நற்செய்தி எழுதப்பட்டது கி.பி. 80, 90களில் என்பது பொதுவான கணிப்பு. எருசலேம் கோயில் எரிந்து, சதுசேயர்கள் காணாமல்போய், யூத மக்களுக்கு அடுத்து யார் வழிகாட்டுவது என்ற போட்டி நடந்த காலம். மைதானத்தில் மிஞ்சி நின்றது இரண்டே பேர். இயேசுவைப் பின்பற்றிய யூதர்கள் ஒரு பக்கம், பரிசேயர்களின் வாரிசுகள் மறுபக்கம். 30களில் நடந்த வாக்குவாதத்தை 80களின் சூட்டோடு எழுதினால் அது எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது.

முதல் சபைக்குள் இருந்த பரிசேயர்கள்

பவுலுக்கு வருவோம். பழைய கத்தோலிக்கத் தமிழில் இவர் பெயர் சின்னப்பர். இலத்தீனில் ‘பவுலுஸ்’ என்றால் சிறியவர் என்பதால் வந்த மொழிபெயர்ப்பு அது. புதுச்சேரி, கடலூர் பக்கம் சின்னப்பன் என்று பெயர் இருக்கும் குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்கும்.

பரிசேயர் ஒருவர் தன் கைப்பட எழுதி நமக்குக் கிடைத்திருப்பது என்று தேடினால் பவுலின் கடிதங்கள்தான் முன்னால் நிற்கின்றன. அவருக்கு அடுத்து, பரிசேயர் வழியைப் பின்பற்றியதாகத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்பவர் ஜோசிபஸ். அவ்வளவுதான், வேறு யாரும் இல்லை. பரிசேயர் எப்படி யோசித்தார் என்று அறிய யூத ஆய்வாளர்களும் கிறிஸ்தவப் புனித நூலைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

கமாலியேல் என்ற பெரிய பரிசேய ஆசானிடம் பவுல் படித்ததாகத் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. இதே கமாலியேல்தான் பேதுருவையும் மற்றவர்களையும் தலைமைச் சங்கம் கொல்ல நினைத்தபோது எழுந்து தடுத்தவர். இது மனித வேலையானால் தானே அழிந்துவிடும், கடவுளின் வேலையானால் உங்களால் அழிக்க முடியாது, விட்டுவிடுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். பின்னாளில் பவுல் அதே சங்கத்தின் முன் நிறுத்தப்பட்டபோது, தான் ஒரு பரிசேயன், உயிர்த்தெழுதலை நம்பியதற்காகத்தான் விசாரிக்கப்படுகிறேன் என்று போட்டார் ஒரு போடு. சங்கத்தில் இருந்த பரிசேயரும் சதுசேயரும் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

பவுல் மட்டுமில்லை. கிறிஸ்தவராக மாறும் பிற இனத்தார் விருத்தசேதனம் செய்ய வேண்டுமா என்று எருசலேமில் பெரிய விவாதம் நடந்தபோது, வேண்டும் என்று எழுந்து நின்றவர்கள் இயேசுவை ஏற்றுக்கொண்டிருந்த பரிசேயர்கள். கட்சி மாறாமலே உள்ளே வந்தவர்கள்.

கி.பி. 62-ல் எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபுவைச் சதுசேயரான தலைமைக் குரு அனனு கல்லெறிந்து கொல்ல வைத்தபோது, சட்டத்தில் கண்டிப்பானவர்கள் கொதித்துப்போய்ப் புகார் செய்ததாக ஜோசிபஸ் எழுதுகிறார். அவர்கள் பரிசேயர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது பலரின் ஊகம். அனனு பதவியை இழந்தார்.

கோயில் போனது, மரபு மிஞ்சியது

கி.பி. 70-ல் ரோமானியப் படை எருசலேம் கோயிலைத் தரைமட்டமாக்கியது. பலி இல்லை, குருக்களுக்கு வேலை இல்லை. கோயிலோடு சேர்ந்து சதுசேயர்களும் போனார்கள். பரிசேயர்களிடமோ கோயில் இல்லாமலும் நடத்தக்கூடிய ஒரு வாழ்க்கைமுறை தயாராக இருந்தது. வீட்டு மேசை, ஓய்வுநாள், ஜெபம், படிப்பு.

முற்றுகையில் சிக்கிய எருசலேமிலிருந்து யோகனான் பென் சக்காய் என்ற ஆசானைச் சீடர்கள் சவப்பெட்டிக்குள் வைத்து வெளியே கடத்தினார்கள் என்றும், அவர் ரோமானியத் தளபதியிடம் யவ்னே ஊரையும் அதன் அறிஞர்களையும் கேட்டு வாங்கினார் என்றும் யூதக் கதை சொல்கிறது. கதை அப்படியே நடந்ததோ இல்லையோ, யவ்னேயில் ஒரு கல்விக் கூட்டம் உருவானது உண்மை. வாய்மொழியாக வந்த மரபு கி.பி. 200 வாக்கில் மிஷ்னா என்று தொகுக்கப்பட்டது, அதன் மேல் எழுந்தது தால்முத்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த ரபிகள் தங்களைப் பரிசேயர் என்று சொல்லிக்கொள்வது அபூர்வம். பரிசேயரும் ரபியும் ஒன்றேதான் என்று கோடு கிழிப்பதை இப்போதைய ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. ஆனாலும் இன்று உலகில் இருக்கும் யூத வழிபாட்டின் பெரும்பகுதி அந்த வேரிலிருந்து வந்தது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை.

அதனால்தான் ‘பரிசேயன்’ என்ற வசவு யூதர்களுக்கு வலிக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் ஐரோப்பியப் பிரசங்க மேடைகளில் பரிசேயர் என்றாலே யூதர், யூதர் என்றாலே வேடதாரி என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த வெறுப்பு எங்கே போய் முடிந்தது என்பது தெரிந்த கதை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-ல் வெளியிட்ட ‘நோஸ்ட்ரா ஏத்தாத்தே’ அறிக்கை, இயேசுவின் மரணத்துக்கு யூத இனத்தையே குற்றம் சாட்டக்கூடாது என்றது. பரிசேயர்களை எப்போதும் கெட்டவர்களாகவே காட்டக்கூடாது என்று 1985-ல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்புகள் பெயர் சொல்லியே பேசின. 2019 மே மாதம் ரோமில் இயேசுவும் பரிசேயரும் பற்றி நடந்த ஆய்வரங்கில் கலந்துகொண்டவர்களைச் சந்தித்த போப் பிரான்சிஸும் இந்தத் தவறான சித்திரத்தைப் பற்றி எச்சரித்தார். மறைக்கல்வி ஆசிரியர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய குறிப்பு அந்த 1985 ஆவணம். எத்தனை பங்குகளில் அது புரட்டப்படுகிறது என்பது வேறு விஷயம்.

கொல்லம் வரை வந்த மரபு

அந்த மரபு நம் பக்கமும் எட்டிப்பார்த்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு யூதப் பயணி துதேலா ஊர் பெஞ்சமின், கொல்லத்து யூதர்களைப் பற்றி எழுதும்போது, மோசேயின் சட்டமும் இறைவாக்கினர் நூல்களும் அவர்களுக்குத் தெரியும், தால்முத் கொஞ்சம் தெரியும் என்று குறிக்கிறார். அந்தக் ‘கொஞ்சம் தால்முத்’தான் பரிசேயர் வழி வந்த சரக்கு. அதற்கு முன்பே, கி.பி. 1000 வாக்கில், சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி சினகாக் இன்றும் நிற்கிறது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் கொங்கணக் கரையில். பெனே இஸ்ரேல் எனப்படும் அந்த யூதர்கள் எண்ணெய்ச் செக்கு ஓட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை வாணியர். விருத்தசேதனம் தெரியும், ஓய்வுநாள் தெரியும், ‘ஷெமா’ என்ற ஒரு ஜெபம் தெரியும். மிஷ்னாவும் தால்முத்தும் அவர்களிடம் இல்லை. மும்பையில் அவர்களுக்கு முதல் சினகாக் வந்தது 1796-ல். ரபிகளின் சட்டங்களையும் வழிபாட்டு முறைகளையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள், கொச்சியிலிருந்து போன யூத ஆசிரியர்கள்.